தினைத்தாளும் அவரைக்கொடியும்: பீன்யா நிலப்பரப்பில் பயிர்ச்சுழற்சியும் காட்டுயிர்ப் பங்கும்

சங்க இலக்கியத்தில் தினைப்புனம் பெரும்பாலும் களவொழுக்கத்தின் களமாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. தலைவி புனங்காத்தல், தலைவன் வரவு, தினை முற்றியதும் இற்செறிப்பு என்னும் நிகழ்ச்சி வரிசையே ஆய்வாளர் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. அப்புனத்தில் என்ன விளைந்தது, எதன்பின் எது விளைந்தது, விளைந்ததில் மாந்தர் கொண்டது போக எஞ்சியது எவ்வுயிர்க்குச் சென்றது என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டன. வேளாண் நூலார் இன்று பயிர்ச்சுழற்சி, ஊடுபயிர், மண்வளம் என்னும் பெயர்களால் வழங்கும் செய்திகளும், காட்டுயிர் மேலாண்மையார் தீவன நிலம் எனக் குறிக்கும் செய்தியும் இவ்வினாக்களுக்குள் அடங்குவன. பெங்களூரு வடக்கு வட்டத்தைச் சேர்ந்த பீன்யாவின் செம்மண் புன்செயையும் சங்கப் பாடல்கள் சிலவற்றையும் ஒருங்கு வைத்து இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது. பீன்யாவை இன்று அறிவோர் தொழிற்பேட்டையாகவே அறிவர். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்றோர் பலருக்கு அப்பெயர் கடைசல் இயந்திரத்தோடும் மின்முலாம் பூசும் பட்டறையோடும் இணைந்த பெயர். அதன் அடியில் கிடப்பது கேழ்வரகு நிலம்.

பறம்பின் புன்செய்

பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாடல், தமிழில் கிடைக்கும் புன்செய் வேளாண்மைக் குறிப்புகளுள் மிகச் செறிவானது. வேங்கை மரங்கள் நிற்கும் செம்மண் மேட்டுநிலம் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. கார்மழை பெய்து ஈரம் ஆழ இறங்குகிறது. புழுதி கலக்கும்படி பலமுறை உழுது விதைக்கின்றனர். முளைத்த பயிரில் பல்லியாடுகின்றனர். பயிர் பல கிளைகளாக வெடித்த பின் களை எடுக்கின்றனர். பின்னர் வரகு அரியப்படுகிறது, தினை கொய்யப்படுகிறது, எள்ளின் இளங்காய் கறுக்கிறது, அவரைக்கொடியின் காய் பறிக்கும் பதம் அடைகிறது. இரண்டு புல்லினத் தவசங்கள், ஓர் எண்ணெய் வித்து, ஒரு கொடிப்பயறு ஆகிய நான்கும் ஒரே நிலப்பகுதியில் ஒரே பருவத்தை ஒட்டி முன்பின்னாக முதிர்கின்றன.

இப்பாடலின் பல்லியாடுதல் என்னும் சொல்லுக்குப் பழைய உரை தாளியடித்தல் எனப் பொருள் கூறுகிறது. பல பற்களை உடைய சட்டத்தை இளம்பயிரின்மீது இழுத்துச் செல்லும் வேலை அது. மிகுதியாக முளைத்த நாற்றுகள் கழிந்து, எஞ்சியவை தூர் கட்டும். கபிலர் பல்லியாடுதலை முன்னும் கிளைத்தலைப் பின்னும் வைத்திருப்பது பயிரியல் நோக்கில் மிகப் பொருத்தமான வரிசை. கன்னட நாட்டு உழவர் கேழ்வரகு முளைத்து மூன்று வாரமளவில் இதே வேலையைச் செய்வர். அக்கருவியை அவர்கள் ஹலுபெ என்பர். தமிழில் பரம்புக்கருவி ஒன்றுக்கு வழங்கும் பலுகு என்னும் சொல்லோடு இதனை ஒப்பிடலாம். தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாதல் பால், ஹாலு என்பவற்றில் காண்பதே. பல் என்னும் அடிச்சொல்லே மூன்றிலும் நிற்கிறது எனக் கருத இடமுண்டு. பறம்பின் பல்லியும் பீன்யாவின் ஹலுபெயும் சொல்லால் அணுக்கமானவை, தொழிலால் ஒன்றே.

அப்பாடலில் வரகின் தோற்றத்துக்கு அண்மையில் ஈன்ற மயிற்பெடை உவமையாகிறது. இவ்வுவமை அழகு கருதி மட்டும் வந்ததன்று. பயிர் செறிந்த புன்செய் ஓரமும் கொல்லை மேடும் மயில் முட்டையிடத் தேரும் இடங்கள். உவமைப் பொருளைக் கபிலர் வயலுக்குள்ளிருந்தே எடுத்துள்ளார் எனலாம்.

தினை அரிந்த தாளில் அவரை

கடுவன் மள்ளனார் பாடிய குறுந்தொகை 82ஆம் பாடலில் காலக் குறிப்பாக வருவது அவரைப் பூ. குறவனின் பெரிய புனத்தில் தினை அரியப்பட்டபின், அதன் மறுகால் தளிர்த்த இடத்தில் அவரைக்கொடி பூக்கும் முன்பனிப் பருவம் அது. அப்பருவத்திலும் தலைவன் வரவில்லை என்பதே பாடலின் துயரம். உரையாசிரியர்கள் இதனைப் பருவங்கண்டு வருந்தும் தலைவியின் கூற்றாக விளக்கிச் சென்றனர். அது சரியே. ஆயினும் இக்குறிப்பின் உழவுப் பொருள் தனியே நோக்கத்தக்கது.

இங்குக் கூறப்படும் அவரை இனமும் பெங்களூருச் சந்தையில் பனிக்காலத்தில் குவியும் மொச்சை வகையும் தாவரவியலில் ஓரினமாகவே கொள்ளப்படுகின்றன. இதன் நாட்டு வகைகள் பகற்பொழுது குறுகினால் அன்றிப் பூவா. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும் கார்த்திகை, மார்கழியிலேயே பூக்கும். எனவே தினையோடு அவரையையும் விதைத்தால், தினை கதிர் வாங்கி அரியப்படும் வரை அவரை இலையும் கொடியுமாக அடங்கிக் கிடக்கும். தினை நீங்கி வெயில் கிடைத்ததும், தாளைப் பற்றிப் படர்ந்து, எஞ்சிய மண்ணீரத்தையும் இரவுப் பனியையும் கொண்டு பூக்கும். மள்ளனார் குறித்தது இக்கட்டத்தையே. பூவைக் கொண்டு பருவத்தை அறியலாம் என்னும் நம்பிக்கைக்கு அடிப்படை, செடி பகற்பொழுதை அளந்து பூப்பதே. பொழுதளவைப் பொருட்படுத்தாது எப்போதும் காய்க்கும் எச்.ஏ.3, எச்.ஏ.4 போன்ற அவரை வகைகளைப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகம் பிற்காலத்தில் உருவாக்கியது. அவ்வகைகளை வைத்துத் தலைவி பருவம் கணித்திருக்க முடியாது.

புல்லினத் தவசத்தின்பின் பயறு வருவதன் மண்வளப் பயனை ஐரோப்பியர் நெடுங்காலம் பட்டறிவால் மட்டுமே அறிந்திருந்தனர். கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் எனச் சுழலும் இங்கிலாந்தின் நார்ஃபோக் முறை 18ஆம் நூற்றாண்டில் புகழ்பெற்றது. பயறுகளின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்துகின்றன என்பதை ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் ஜெர்மானியர் 1886–1888ஆம் ஆண்டுகளில்தான் நிறுவினர். சங்கப் புலவருக்கு இக்காரணம் தெரிந்திருந்தது என வாதிடுதல் மிகை. அத்தகைய வாதங்கள் தமிழாய்வுக்கு நன்மை செய்ததில்லை. பாடல்கள் காட்டுவது நடைமுறையை மட்டுமே. நிலத்தை மாற்றி மாற்றி உழுததற்கு இதை (புதுக்கொல்லை), முதை (பழங்கொல்லை) என்னும் சொல்லிணையே சான்றாகும். பழகிய நிலத்துக்கும் புதிதாகத் திருத்திய நிலத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருந்தவர்கள், நிலத்தின் வயதைக் கணக்கில் கொண்டவர்கள்.

காவலும் கசிவும்

புனத்தில் இதணம் அமைத்துத் தழல், தட்டை, குளிர் முதலான கருவிகளால் கிளி கடிதலைக் குறிஞ்சிப்பாட்டு கூறுகிறது. பன்றிக்கும் யானைக்கும் எதிரான இரவுக்காவல் பல பாடல்களில் உண்டு. இவற்றைக் கொண்டு சங்க உழவர் காட்டுயிரைப் பகையாகவே கண்டனர் என முடிபு கட்டுவது எளிது. காவல் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என நோக்கினால் வேறொரு செய்தி தென்படும். கதிர் பால்பிடிக்கும் காலத்திலிருந்து கொய்யும் வரையே காவல். கொய்தபின் தலைவி இல்லத்தில் செறிக்கப்படுகிறாள், இதணம் வெறிதாகிறது. அதன்பின் புனத்தில் நிற்பவை மறுகால் தளிரும், சிந்திய மணியும், பூத்துக் காய்க்கும் அவரையும். புதர்ப்பறவைக்கும் முயலுக்கும் மானுக்கும் கோடை வரையிலான உணவு அது. கிளியை விரட்டிய அதே நிலம் இரண்டு திங்களில் கிளிக்குத் திறந்து விடப்படுகிறது. இதனை அறம் என்று பாடல்கள் போற்றவில்லை. ஆள் வைத்துக் காப்பதற்கு அந்த விளைவு போதாது என்பதே காரணமாகலாம். ஆயினும் பயன் உயிர்களுக்கே சென்றது.

பறம்பு முற்றுகையுண்டபோது பறவைகள் வெளியிலிருந்து கதிர் கொணர்ந்து அகத்தாரை ஊட்டின என்னும் மரபை அகநானூற்றில் நக்கீரரும் (78) ஔவையாரும் (303) குறிக்கின்றனர். வரலாற்று நிகழ்ச்சியாக அதனைக் கொள்ள வேண்டுவதில்லை. உழவர் பறவைக்குக் கொடுத்ததைப் பறவை திருப்பித் தருவதாக ஒரு சமூகம் கற்பனை செய்திருப்பதே போதிய செய்தி.

பீன்யாவின் சால்கள்

பெங்களூருவைச் சூழ்ந்த பகுதியின் தமிழ்க் கல்வெட்டுகள் ஏரியையும் நன்செயையும் பற்றியே விரிவாகப் பேசுவன. காடுகோடியில் கிடைத்த 1043ஆம் ஆண்டின் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு பட்டந்தூர் ஏரிப்பணியைக் கூறுகிறது. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு வெங்களூர்ப் பெரிய ஏரியைச் சுட்டுகிறது. புன்செய் அவற்றில் எல்லைக் குறிப்பளவில் வந்து போவது. தானம் கொடுக்கத்தக்க உறுதியான வருவாய் நீர்நிலத்திலிருந்தே வந்தமையால் இது நேர்ந்தது. மக்களின் பசி தீர்த்த மேட்டுநிலம் கல்லில் ஏறவில்லை.

அந்நிலத்தை எழுத்தில் விரித்தவர் பிரான்சிஸ் புக்கானன். திப்பு வீழ்ந்த மறுவருடம், 1800இல், சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிய அவரது பயணநூல் 1807இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. கேழ்வரகு இப்பகுதிப் புன்செயின் தலைமைப் பயிர் என்பதையும், அது தனித்து விதைக்கப்படுவதில்லை என்பதையும் அவர் குறிக்கிறார். கூரிகெ என்னும் பல குழல் விதைப்பியால் கேழ்வரகும், அதனோடு இணைந்த தனிக்குழலால் அவரை அல்லது துவரையும் விதைக்கப்பட்டன. இம்முறையைக் கன்னடத்தில் அக்கடிச் சாலு என்பர். சாலு என்பது நம் உழவுச்சால், படைச்சால் என்பவற்றிலுள்ள சாலே. எட்டு, பத்துச் சால் கேழ்வரகுக்கு ஒரு சால் அவரையோ துவரையோ இடம்பெறும். கடுகும் பேயெள்ளும் ஆமணக்கும் நிலத்தின் விளிம்பிலோ ஊடேயோ வரும். பறம்பின் நால்வகைப் பயிரில் வரகின் இடத்தைக் கேழ்வரகும் எள்ளின் இடத்தைப் பேயெள்ளும் கொள்ள, அவரை மட்டும் மாறாது நிற்கிறது.

அறுவடைக்குவியல் பங்கிடப்பட்ட வகையையும் புக்கானன் விரிவாகத் தருகிறார். தெய்வத்துக்கும் ஊர்த்தலைவனுக்கும் கணக்கனுக்கும் குயவனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் அளப்போனுக்கும் பங்கு உண்டு. இவ்வளவு நுணுகிய கணக்கில் பறவைக்கு ஒரு படி இல்லை. பறவையின் பங்கு களத்துக்கு வருமுன்னரே, நிற்கும் பயிரிலும் விடப்பட்ட சாலிலும் கழிந்துவிடுகிறது. நவம்பர், டிசம்பரில் கேழ்வரகு அரிந்தபின் சனவரி வரை நிலத்தில் பசுமையாக நிற்கும் அவரைச் சால், சில்லையும் புறாவும் தூக்கணாங்குருவியும் நாடும் இடம். பூவுக்கு வண்டினமும், காய்க்குப் புழுவும், புழுவுக்குப் பறவையும் என அங்கு ஒரு தொடர் உண்டு. தவசம் தின்னும் தூக்கணாங்குருவி தன் குஞ்சுக்கு ஊட்டுவது பெரும்பாலும் பூச்சியே.

இதன் மதிப்பை மேலைநாட்டார் இழந்தபின் உணர்ந்தனர். அமெரிக்கக் காட்டுயிரியலார் ஆல்டோ லியோபோல்டு 1933இல் வெளியிட்ட வேட்டையுயிர் மேலாண்மை நூலில் உணவுப்பாத்திகள் பற்றிப் பேசுகிறார். இங்கிலாந்தின் சசெக்சு வயல்களில் 1968 முதல் நடந்த நெடுங்கால ஆய்வு, பூச்சியும் களையும் மருந்தால் ஒழிந்ததே கவுதாரிக் குஞ்சுகள் அழிந்ததற்குக் காரணம் எனக் காட்டியது. வயல் விளிம்பில் சில மீட்டர் அகலத்தை மருந்தடிக்காமல் விடும் முறை 1980களில் அங்குப் பரவியது. அக்கடிச் சாலில் கேட்காமலே கிடைத்ததை அங்கு மானியம் கொடுத்துப் பெற வேண்டியிருந்தது.

மண்ணின் கணக்கு

பீன்யாவுக்குக் கிழக்கே ஹெப்பாளில் 1899இல் மைசூர் அரசியார் நிலம் வழங்க, வேளாண் வேதியியலார் லேமன் மேற்பார்வையில் ஆய்வுப்பண்ணை ஒன்று உருவாயிற்று. பின்னர் லெஸ்லி கோல்மன் மைசூர் வேளாண் துறையை வளர்த்தார். 1964இல் அமைந்த வேளாண் பல்கலைக்கழகம் அம்மரபின் தொடர்ச்சி. அதன் காந்தி கிருஷி விஞ்ஞான கேந்திர வளாகத்தில் 1978இல் தொடங்கிய மானாவாரி உர ஆய்வு, கேழ்வரகைத் தனிப்பயிராகவும் நிலக்கடலையோடு சுழற்சியாகவும் ஆண்டுதோறும் விளைவித்துக் கண்டது. உரமே இடாத பாத்திகள் மிகக் கீழே வீழ்ந்தன. வேதியுரம் மட்டும் பெற்ற பாத்திகளில் விளைச்சல் நாளடைவில் நிலைதளர்ந்தது. ஹெக்டேருக்கு 10 டன் தொழுவுரமும் வேதியுரமும் சேர்ந்தவையே விளைச்சலையும் மண்ணின் கரிமத்தையும் காத்தன. இச்செம்மண் இயல்பிலேயே கரிமம் குறைந்தது, மழைக்குப்பின் மேலோடு இறுகுவது. பயறு மட்டும் மண்ணைக் காக்கும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இவ்வாய்வு இடம் தரவில்லை. நன்றாக உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டா என்னும் கருத்தையும் (குறள் 1037), உழுதலினும் எருவிடல் நன்று என்னும் கருத்தையும் (1038) வள்ளுவர் அடுத்தடுத்து வைத்ததில் முரண் காண்போர் உளர். இரண்டாவதன் பக்கமே இந்தச் செம்மண் நிற்கிறது.

யானைக்கு விரித்த இலை

காட்டுயிர்க்கெனப் பயிரிடுதல் எங்கும் நன்றே என்பதும் பொருந்தாது. இரா. சுகுமார் 1980களின் தொடக்கத்தில் பிலிகிரிரங்கன் மலைப்பகுதியில் செய்த யானை ஆய்வு 1989இல் நூலாயிற்று. காட்டுப் புற்களைவிடக் கேழ்வரகில் புரதமும் சுண்ணாம்பும் சோடியமும் மிகுதி என்றும், ஆண் யானைகளே மிகுதியாக வயலில் புகுகின்றன என்றும் அது காட்டியது. பன்னேர்கட்டா, கனகபுரம் பகுதிகளில் கதிர் முற்றும் பருவம் உழவர்க்கு உறக்கமற்ற பருவம். அங்கே காட்டோரத்தில் தவசம் விதைத்து விடுவது யானையை ஊருக்கு அழைப்பதாகும். உயிரிழப்பு இரு பக்கமும் நேரும். தீவன நிலம் எவ்வுயிர்க்கு, எவ்விடத்தில், எந்தப் பயிரால் என்பவற்றை முதலில் வரையறுக்க வேண்டும். சங்க உழவர் பால்பிடிக்கும் கதிரைக் காத்து, கொய்தபின் தாளை விட்டதில் இவ்வரையறை இருந்தது. பீன்யாவில் யானை இல்லை. பறவையும் வண்டும் சிற்றுயிரும் உள. அங்குள்ள இடர் வேறு.

தோப்பு, பேட்டை, குரோமியம்

கர்நாடக வனத்துறை ஆவணங்களின்படி பீன்யா–ஜாலஹள்ளித் தோப்பு 599 ஏக்கர், 1896இல் காடாக அறிவிக்கப்பட்டது. நாடு விடுதலை பெற்றபின் அந்நிலம் 1953இல் தோன்றிய இந்துஸ்தான் இயந்திரக் கருவித் தொழிலகத்தின் வசம் வந்தது. 1970களில் அருகே தொழிற்பேட்டை எழுந்தது. நகரைச் சுற்றிய கேழ்வரகு நிலங்கள் வேறொரு வழியிலும் சுருங்கின. சமூகக் காடு வளர்ப்பின் பெயரால் கோலார் முதலிய மாவட்டங்களில் தைல மரம் பரவி உணவுப்பயிரின் இடத்தைக் கொண்டதை 1981இல் வெளிவந்த ஆய்வொன்று சுட்டி விவாதத்தைக் கிளப்பியது. தைல மரத்தில் கதிர் இல்லை, காய்க்கும் அவரையும் இல்லை. புதிதாகத் தைல மரம் நடுவதைக் கர்நாடகம் 2017இல் தடைசெய்தது.

தொழிலகத்தின் வசமுள்ள தோப்பு நிலத்தை மீட்குமாறு மாநில வனத்துறை அமைச்சர் 2024இல் ஆணையிட்டார். நடுவண் அரசுத் தரப்பு அதனை எதிர்த்தது. உரிமை வழக்கின் முடிவு எதுவாயினும், பீன்யாவில் மீண்டும் உயிர்க்கென விதைக்க முனைவோர் முதலில் மண்ணை ஆய்ந்தாக வேண்டும். மின்முலாம் பட்டறைகளின் கழிவால் இப்பகுதி நிலத்தடி நீரில் ஆறிணைதிறக் குரோமியம் கலந்துள்ளது. நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009ஆம் ஆண்டுக் கணிப்பில் பீன்யா கடுமையாக மாசுற்ற தொழிற்பகுதிகளுள் ஒன்றாக இடம்பெற்றது.

அக்கடிச் சாலின் பழைய உறுப்பான கடுகு ஈண்டுத் தனிக் கவனம் பெறுகிறது. ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்களை வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்க்கும் ஆற்றல் கடுகினத்துக்கு உண்டு. மாசுற்ற மண்ணைத் தூய்மை செய்யவே அதனை வளர்க்கும் முறை உலகெங்கும் சோதிக்கப்பட்டுள்ளது. அவ்வாறு வளர்த்த கடுகைப் பிடுங்கி அகற்ற வேண்டும். பறவைக்கும் முயலுக்கும் மேய விட்டால் மண்ணின் நஞ்சு உடலுக்கு ஏறும். முன்னோர் விதைத்த பயிர்ப்பட்டியலை அப்படியே பீன்யாவில் விதைப்பது, மரபின் பெயரால் உயிர்களுக்கு நஞ்சூட்டுவதாக முடியலாம். தூய்மை செய்யும் கடுகு முதற்சுற்று, தொழுவுரமும் பசுந்தாளும் இரண்டாம் சுற்று, சோதனையில் மண் தேறிய பாத்தியில் மட்டும் கேழ்வரகும் அவரையும் என வரிசை அமைவதே தக்கது. முதலிரு சுற்றுகளுக்கு எத்தனை ஆண்டு செல்லும் என்பதை மண்ணாய்வே சொல்ல வேண்டும். அதுவரை அப்பாத்திகள் உயிர்களுக்கு அடைபட்டே இருத்தல் வேண்டும்.

மெட்ரோ ரயில் 2014இல் பீன்யாவை எட்டியது. அதன் தூண்களுக்கு அடியில், மார்கழியில், தள்ளுவண்டிகளில் குவியும் அவரைக்காய் மாகடி, ஹொசகோட்டை, கோலார்ப் பக்கங்களிலிருந்து வருகிறது. பனி நனைந்த நாட்டு அவரைத்தோலின் மணத்தைக் கன்னடர் சொகடு என்பர். அம்மணம் விரலில் ஒட்டுவதை முகர்ந்து பார்த்தே வாங்குகின்றனர். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து பேட்டையில் பணிபுரியும் தமிழ்ப் பெண்களும் அவ்வாறே முகர்ந்து, பேரம் பேசி, மடியில் கட்டிக்கொண்டு போகின்றனர்.